அடுப்படிக்கு வந்த பாதை

பனி இறங்கிவிட்டால் அடிவாரத்து ஊர்களுக்கு மலை இல்லை, மலைமேல் இருக்கிற ஊர்களுக்கு உலகமே இல்லை. அப்படி உலகமே இல்லாத ஒரு தை மாதக் காலையில், கடுக்காப்பாறை என்கிற ஊரில், பவுனுத்தாய் அடுப்பைப் பற்றவைக்க எழுந்து நடந்தபோது காலுக்கடியில் சிமெண்டுத் தரை இல்லை, ஈரச் செம்மண் இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தாள். பின்வாசலில் தொடங்கி முன்வாசல் வரைக்கும், அடுப்புக்கும் அரிசி டிரம்முக்கும் நடுவே, ஒரு ஆள் நடக்கிற அகலத்துக்கு, ஓரமெல்லாம் தொட்டாற்சுருங்கி முளைத்து, நடுவில் ஆட்டுக் குளம்பு பட்டுப் பட்டுத் தேய்ந்து, மழைக்குத் தண்ணீர் தேங்குகிற அந்தச் சின்னக் குழிகூடப் பாத்திர அலமாரிக்கு நேராக அப்படியே இருக்க, பாதை படுத்திருந்தது. மேல்காட்டுப் பாதைதான். வாக்கப்பட்டு வந்த நாளிலிருந்து விறகும் தண்ணீரும் காபிப்பழமும் சுமந்து நடந்தவளுக்கு அடையாளம் தெரியாதா?

"இங்கயா வந்து படுத்திருக்கே" என்று கேட்டுவிட்டு, அதை மிதிக்காமல் தாண்டிப் போய் அடுப்பைப் பற்றவைத்தாள். பாதைக்கும் ஒரு போக்கிடம் வேண்டுமில்லையா.

முந்தின நாள்தான் மாளவிகா தன் தோட்டத்துக் கரண்ட் வேலிக்கு சுவிட்சைப் போட்டிருந்தாள். சென்னையிலிருந்து வந்த பெண். கம்ப்யூட்டரில் வேலை, கணவனுக்குப் பெங்களூரில் வேலை. அவன் எப்போதாவது காரில் வந்து, நல்ல காற்று நல்ல காற்று என்று இழுத்து இழுத்து மூச்சுவிட்டுத் திரும்பிப் போவான். பவுனுத்தாயின் மேல்காட்டைத்தான் அவர்கள் வாங்கியிருந்தார்கள். அதில் பாதிச் சுவருக்குக் கண்ணாடி வைத்து ஒரு வீடு கட்டி, அவள் மட்டும் தங்கிவிட்டாள். காட்டுமாடு புகுந்து வெண்ணெய்ப்பழக் கன்றுகளை மிதித்துப் போட்டதால் வேலி போட்டாள். இதில் அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, காட்டுமாட்டுக்கு வேலி போடாதவர் யார்? தப்பு இந்தப் பக்கம்தான். நிலத்தை விற்கும்போது, நடுவில் ஒரு பாதை போகிறது, ஊற்றுக்கும் மயானத்துக்கும் மலைக்கு அந்தப் பக்கம் இறங்குவதற்கும் ஊருக்கெல்லாம் அதுதான் வழி என்று ஒருவரும் அவளிடம் சொல்லவில்லை. மறைத்தார்கள் என்று சொன்னால் பாவம், சொல்லவே தோன்றவில்லை. தோட்டத்தை விற்கிறவர் அதன்மேல் இறங்குகிற பனியைப் பற்றியும் சேர்த்துப் பேசுவாரா? பாதையை யாரும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை, அது அங்கே இருந்தது, அவ்வளவுதான். மாளவிகாவோ, போகிற வருகிற ஆட்களெல்லாம் பவுனுத்தாயின் சொந்தக்காரர்கள், நிலம் கைமாறிய பழக்கம் வரும்வரை இப்படித்தான் நடப்பார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பாதைக்கு என்று ஊரில் சில நடைமுறைகள் இருந்தன. பாதைமேல் சாய்ந்து நிற்கிற கிளையில் காய்ப்பது தோட்டக்காரனுக்கு இல்லை, நடந்து போகிறவனுக்கு. அதற்கு வழிக்காய் என்று பேர். பலாவோ கொய்யாவோ ஆரஞ்சோ, அந்தக் கிளையில் மட்டும் தோட்டக்காரன் கை வைக்க மாட்டான். பவுனுத்தாயின் மேல்காட்டில் பாதைமேல் சாய்ந்தது ஒரு கமலா ஆரஞ்சு மரம். வீட்டுப் பின்வாசலில் நின்று கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில், ஏறிப் போனால் மூச்சு வாங்குகிற மேட்டில் அது நின்றது. இன்னொரு வழக்கமும் உண்டு. வீட்டில் கோபித்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வந்தால் நேராக வாசலுக்கு வந்துவிட மாட்டார்கள். வந்தால் மானம் என்னாவது? வழிக்காய் மரத்தடியில் வந்து உட்கார்ந்து, ஒரு பழத்தை உரித்துத் தின்றுகொண்டு இருப்பார்கள். வீட்டில் இருக்கிறவர்கள் பார்த்துவிட்டு, வேலை மும்முரத்தில் இருப்பதுபோல் கொஞ்ச நேரம் போக்குக் காட்டிவிட்டு, பிறகு பின்வாசலில் நின்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் போதும், ஏன் போனாய் எதற்கு வந்தாய் என்று எந்தக் கேள்வியும் கிடையாது. எத்தனையோ மாமியார் மருமகள் சண்டையும் அண்ணன் தம்பி சண்டையும் அந்த மேட்டுக்கும் பின்வாசலுக்கும் நடுவிலேயே கரைந்து போயிருக்கின்றன.

பவுனுத்தாயின் மகள் சுகந்தியும் அப்படித்தான் வந்து உட்கார்ந்தாள். மலைக்கு அந்தப் பக்கம், ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்த பையனைக் கட்டிக்கொண்டு போனவள். பையன் வேறு சாதி. கடுக்காப்பாறைக் கணக்குப்படி கீழ்த்தெருச் சாதி. அப்படிப் போன சில மாதத்துக்குள்ளேயே, ஆரஞ்சு பழுக்கிற பருவத்தில், பாதை வழியே தனியாக இறங்கி வந்து மரத்தடியில் உட்கார்ந்து, பழத்தை உரித்தாள். தோலை அறுந்துபோகாமல் ஒரே நீளமாகச் சுற்றி எடுப்பது அவள் கை வாகு. பவுனுத்தாய் பின்வாசல் கதவுக்கு உள்ளே நின்றாள். தம்பி சடையாண்டி வாசலில் உட்கார்ந்து, "கூப்பிடாதக்கா. கூப்பிட்டேன்னா நாளைக்கு நம்ம வீட்டுல யாரும் தண்ணி குடிக்க மாட்டாங்க" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். புருஷன் இல்லாத வீடு. தம்பி சொல்தான் சபை சொல்லாக இருந்தது. ஊர் ஜனம் அந்தப் பாதையில் போனது, வந்தது. வெயில் ஏறியது, இறங்கியது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு சுகந்தி எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, மேலே ஏறிப் போனாள். அதற்குப் பிறகு பவுனுத்தாயால் அந்த மரத்தைப் பார்க்க முடியவில்லை. மிளகுக் கொடி காய்ந்தது, காபிச் செடியை ஆள் இல்லாமல் களை மூடியது என்று ஊருக்கு ஆயிரம் காரணம் சொன்னாள். உண்மையில் அவள் மேல்காட்டை விற்றது அந்த மரத்துக்காகத்தான். நிலம் கைமாறினால் மரமும் நினைப்பிலிருந்து மறையும், மரம் மறைந்தால் மனசு ஆறும் என்று நினைத்தாள். பாதையும் சேர்ந்து எழுந்து வரும் என்று அவளுக்கு யார் சொன்னார்கள்?

அன்று காலை பாதையில் முதலில் வந்தவர் கீழ்த்தெரு வீரணன், ஆடுகளோடு. முன்வாசலில் நின்று, வழக்கமாக அடுத்தவர் தோட்டத்துக்குள் நுழையும்போது கொடுக்கிற அதே குரலை, "வர்றோம்!" என்று கொடுத்தார். கொடுத்துவிட்டு அப்படியே நின்றார். அவரும் அவர் அப்பனும் அந்த வாசற்படி ஏறியதில்லை. பாதை அவர் காலடியில் தொடங்கி உள்ளே போயிற்று.

"ஏத்தா, பாதை உன் வீட்டுக்குள்ள போகுது" என்றார்.

"தெரியுது. என்னை என்ன செய்யச் சொல்றீக? நடங்க, ஆடு முருங்கைக் கீரையில வாய வைக்காமப் பாத்துக்கங்க."

ஆடுகள் முதலில் போயின. அடுப்பைச் சுற்றி, டிரம்மை உரசி, பின்வாசலைத் தாண்டின. ஜன்னல் வழியாகப் பார்த்தால் வீட்டுக்குப் பின்னால் எப்போதும்போலச் சாம்பல் குழியும் வாழையும் துவைக்கிற கல்லும்தான் இருந்தன. ஆனால் பின்வாசலைத் தாண்டி ஒரு எட்டு வைத்தால், மேல்காட்டுக்கும் மேலே இருக்கிற ஊற்றங்கரையில் கால் இருந்தது. நடுவில் இருந்த வேலியும் தோட்டமும் ஏற்றமும் இல்லை. வீரணன் அந்தப் பக்கம் நின்று திரும்பிப் பார்த்து, "மூச்சே வாங்கலத்தா" என்றார், அது ஒன்றுதான் அவருக்கு அதிசயம்.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். பாதை எப்படி வந்தது என்று ஒருவரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. வந்த பாதையில் செருப்புப் போட்டு நடக்கலாமா கூடாதா என்பதில்தான் சண்டை. பாதை என்றால் செருப்பு, வீடு என்றால் வெறுங்கால், இது ரெண்டும் இல்லையே என்று கோயில் வாசலில் உட்கார்ந்து பேசி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவது என்று முடிவாயிற்று. சோறு தின்கிற நேரத்தில் ஆடு ஓட்டக் கூடாது, விறகுக் கட்டைக் குறுக்காக அல்ல நீளமாகச் சுமக்க வேண்டும், அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை என்றெல்லாம் தானாகவே சட்டங்கள் உருவாயின. கடைசிச் சட்டத்தை மட்டும் யாரும் மதிக்கவில்லை. புளி தூக்கலாக இருக்கிறது என்று சொல்லாமல் ஊற்றுக்குப் போன பெண்கள் குறைவு. கீழ்த்தெரு ஆட்கள் அடுப்படி வழியாக வரலாமா என்று ஒருத்தர் மெல்ல இழுத்தார். பாதையில் அவர்கள் காலகாலமாக நடக்கிறார்கள், நடக்காதே என்று சொல்ல வாய் வரவில்லை, சொன்னால் போலீசும் வரும். அதனால் அந்தப் பேச்சு அங்கேயே அமுங்கியது. விறகு சுமந்து வந்தவர்களுக்குப் பவுனுத்தாய் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். கீழ்த்தெருப் பெண்களும் அவள் சொம்பில், அவள் அடுப்பின் பக்கத்தில் நின்று, அண்ணாந்து குடித்தார்கள். எந்தத் தண்ணீருக்குப் பயந்து மகளைக் கூப்பிடாமல் விட்டாளோ அந்தத் தண்ணீர் இப்படிச் சாதாரணமாகத் தொண்டைக்குள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவ்வளவுதானா, இதற்காகவா என்று தனக்குள் கேட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் அவளுக்கு ஆசை முளைத்தது. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஏறி வருகிறவர்களும் இந்தப் பாதையில்தானே வந்தாக வேண்டும்? சுகந்தி என்றைக்காவது புறப்பட்டால், ஊற்றங்கரையிலிருந்து ஒரு எட்டு வைத்தால் அம்மாவின் அடுப்படியில் நிற்பாளே! அன்றிலிருந்து பவுனுத்தாய் பின்வாசல் கதவைச் சாத்தவே இல்லை. தினமும் ஒரு கைப்பிடி அரிசி கூடுதலாகப் போட்டாள். காலடிச் சத்தம் கேட்கிறபோதெல்லாம் கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள், பார்த்துவிட்டு மறுபடி கிண்டினாள்.

மாசி முடிகிற நேரத்தில் வீரணன் இறந்து போனார். மயானம் ஊற்றுக்கு மேலே. ஊர் திகைத்து நின்றது அப்போதுதான். அடுத்த வீட்டுப் பிணத்தை அடுப்படி வழியாகக் கொண்டுபோவது எந்தச் சாதியிலும் எந்த ஊரிலும் கிடையாது. மாளவிகாவிடம் கேட்டு வேலியைத் திறந்து போகலாம் என்றார்கள் சிலர். ஆனால் அங்கே இப்போது பாதையே இல்லை, புல்தான் இருந்தது. பாதையில்லாத இடத்தில் பிணத்தைத் தூக்கிப் போனால் போனவருக்கு வழி தெரியாது என்றார்கள் பெரியவர்கள். வீரணன் மகன் மாயழகு கைகட்டி வாசலுக்கு வெளியே நின்றான். சடையாண்டி அக்காவின் காதோரம் வந்து, "விடாதக்கா, வீடு வீடா இருக்காது" என்றான்.

பவுனுத்தாய் யோசித்தது வீரணனைப் பற்றி அல்ல. பாதை ஒருமுறை மறிக்கப்பட்டு எழுந்து வந்தது. இங்கேயும் மறித்தால் இன்னொரு முறை எழுந்து போய்விடும். போனால் சுகந்தி எங்கே வந்து இறங்குவாள்?

"கொண்டாங்கய்யா" என்றாள். அடுப்பை அணைத்து, அரிசி டிரம்மைத் துணியால் மூடி, கட்டிலைத் தூக்கி நிறுத்தி இடம் விட்டாள். பாடையை நீளவாக்கில் சாய்த்து, மாலைப் பூவெல்லாம் அலமாரியில் உரசி உதிர, கொட்டுக்காரர்கள் கொட்டை நெஞ்சோடு அணைத்து அடிக்காமல் பிடித்துக்கொள்ள, வீரணன் அவள் அடுப்படியைக் கடந்து போனார். பின்வாசலைத் தாண்டியதும் ஊற்றங்கரையில் கொட்டுச் சத்தம் எழுந்தது. அவள் உதிர்ந்த பூவைக் கூட்டி அள்ளி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, அடுப்பை மறுபடி மூட்டித் திரும்பி வருகிறவர்களுக்கெல்லாம் கடுங்காப்பி போட்டாள். வீடு வீடாகத்தான் இருந்தது.

பாதையைத் தேடி வெளியாட்கள் வரத் தொடங்கியது அதற்கப்புறம்தான். மாளவிகாவின் விருந்தாளி ஒருத்தி வீடியோ எடுத்துப் போட்டாளாம். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்த சடையாண்டி, வருகிறவர்கள் தங்க, தன் வீட்டின் மேல் ஒரு தளம் எழுப்பி அறை அறையாகத் தடுத்தான்; அதே தெருவில் இருந்த ராசகிளியும் மாட்டுக்கொட்டகைக்கு வெள்ளையடித்து நீலக் கதவு போட்டாள். வழிக்காய் என்று தெருவோரத்தில் சும்மா தொங்கிய கொய்யாவெல்லாம் துண்டு போட்டு மிளகாய்ப்பொடி தூவிக் கிண்ணத்தில் விலைக்கு வந்தன. யார் வீட்டிலும் வாசலில் நின்று குரல் கொடுத்து நுழைகிற பழக்கம் போய், பொத்தானை அழுத்தினால் குருவி கூவுகிற மணி வந்தது. ஊருக்குக் காசு வந்தது, பிள்ளைகள் திருப்பூருக்குப் போகாமல் வீட்டோடு இருந்தன, இதையெல்லாம் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? ஆனால் ஒரு நாள் பவுனுத்தாய் பார்த்தாள்: சடையாண்டி வீட்டு மாடியில் தங்கியிருந்த ஒரு பையனுக்கும் பொண்ணுக்கும், தாலியுமில்லை சாதியும் தெரியாது, சடையாண்டியின் பெண்டாட்டி டிரேயில் காப்பி வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தலையணை போதுமா என்று கேட்டுவிட்டு வந்தாள்.

"ஏண்டா சடையாண்டி, அவுக என்ன சனம்னு கேட்டியா?"

"கெஸ்டுகிட்டப் போயி அதெல்லாம் கேக்கலாமாக்கா? காலம் மாறிப்போச்சு."

"மாறுனது எப்படா? எனக்கு மட்டும் யாரும் சொல்லலையே."

அவன் போனைப் பார்த்துக்கொண்டே ஜீப்பில் ஏறினான்.

அடுத்த மார்கழியில், பனி வாசற்படி வரை வந்து நின்ற ஒரு முற்பகலில், ஜீப் ஜீப்பாக ஆட்கள் வந்து அடுப்படி நிரம்பியிருந்தது. ஒருத்தர் அடுப்போடு படம் எடுத்தார். ஒருத்தர் தொட்டாற்சுருங்கியைத் தொட்டுத் தொட்டுச் சிரித்தார். பின்வாசலில் இந்தப் பக்கம் ஒரு கால் அந்தப் பக்கம் ஒரு கால் வைத்துக்கொண்டு ஒரு பெண் நின்றாள். பவுனுத்தாய் முன்வாசலில் குடத்தை இறக்கிவிட்டு உள்ளே வர இடமில்லாமல் நின்றாள். கூட்டம் கலைந்து, பாதையைக் கூட்டப் போனபோது, பின்வாசல் நிலைக்கு உட்பக்கம் ஈரமண்ணில் ஒரு வெறுங்கால் தடத்தைக் கண்டாள். வலது கால். சுண்டுவிரல் பக்கத்து விரல்மேல் ஏறிக்கிடந்த தடம். பிறந்த குழந்தையைக் கையில் வாங்கிய அன்றைக்கு, இந்த விரலைத் தடவித் தடவி நேராக்கப் பார்த்த விரல் அவளுடையது. உள்ளே வந்த தடம் ஒன்றுதான். அது அங்கேயே திரும்பியிருந்தது.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த பெண்ணை ஓடிப்போய்ப் பிடித்தாள். "பாப்பா, பின்னால யாராச்சும் வந்தாகளா?"

"ஆமாம்மா, ஒரு அக்கா. இடுப்புல குழந்தை. எட்டிப் பாத்தாங்க. நாங்கதான் வாங்க வாங்க, உள்ள வாங்கன்னு கூப்பிட்டோம். கூச்சப்பட்டுட்டுப் போயிட்டாங்க."

பவுனுத்தாய் பின்வாசலைத் தாண்டி ஊற்றங்கரைக்கு ஓடினாள். பனி. ஊற்று சொட்டுகிற சத்தம். ஒரு ஆள் இல்லை. அந்தக் கல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பாதை தனக்கு மகளைக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பியிருந்தாளே! கோபித்துப் போனவள் எப்படி ஒரே எட்டில் அம்மா அடுப்படிக்குள் வந்து நிற்பாள்? அவளுக்கு உட்கார ஒரு மரத்தடி வேண்டாமா? உரித்துத் தின்ன ஒரு பழம் வேண்டாமா? போகலாமா திரும்பிவிடலாமா என்று ரெண்டு மனசாக இருக்க அந்தத் தூரம் வேண்டாமா? யார் யாரோ அவளை வா என்று கூப்பிட்டிருக்கிறார்கள், கூப்பிட வேண்டிய ஒருத்தி முன்வாசலில் குடத்தோடு நின்றிருக்கிறாள். முந்தி வாய் திறக்காமல் இழந்தாள். இப்போது வாய் திறக்க இடமில்லாமல் இழந்தாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராக மாளவிகாவின் வீட்டுக்குப் போனாள். கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் மாளவிகா ஒரு நாற்காலியைத் தோட்டத்தைப் பார்க்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். விருந்தாளிகள் இப்போதெல்லாம் அவளிடம் தங்குவதில்லை, ஊருக்குள்ளேயே தங்கிவிடுகிறார்கள்.

"வாங்கம்மா. இந்த வீட்டுக்கு நடந்து ஒருத்தர் வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா?" என்றாள். "இந்த இடத்தை நான் எதுக்கு வாங்கினேன்? முதல் தடவை பாக்க வந்தப்ப, பனிக்குள்ளேர்ந்து ஒவ்வொருத்தரா வந்தாங்க. தலைல விறகு, பின்னால ஆடு. யாருன்னே தெரியாது, எல்லாரும் சாப்பிட்டியான்னு கேட்டுட்டுப் போனாங்க. அதைப் பாத்துக்கிட்டே இருக்கலாம்னுதான் இவ்வளவு கண்ணாடி வெச்சேன். இப்ப பனி மட்டும்தான் வருது."

"வேலியப் போட்டுட்டு ஆளைத் தேடுறியே பாப்பா."

"மாட்டுக்குத்தானேம்மா போட்டேன். பாதைன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

"சொல்லல. தப்புதான்" என்றாள் பவுனுத்தாய். பிறகு தன் கதையைச் சொன்னாள். மரத்தைச் சொன்னாள், தடத்தைச் சொன்னாள். அதுவரை யாரிடமும் சொல்லாத அந்தப் பகல் முழுவதையும், கதவுக்குப் பின்னால் நின்றதையும் சொன்னாள். மாளவிகா எழுந்து போய் வேலியின் சுவிட்சை அணைத்தாள்.

கம்பியை அறுத்து, பழைய தடம் போகிற இடத்தில் மட்டும் இடைவெளி விட்டு, வேலியை இரண்டு பக்கமும் ஒதுக்கி நட்டார்கள். ஆனால் பாதை அசையவில்லை. சொகுசாக அடுப்படியிலேயே கிடந்தது. பாதையைக் கையைப் பிடித்தா இழுக்க முடியும்? நடந்துதான் அழைக்க வேண்டும். பவுனுத்தாய் தினமும் தன் வீட்டுப் பாதையை விட்டுவிட்டு, சந்து வழியாகச் சுற்றி, மேல்காட்டுப் புல்லில் ஏறி, ஆரஞ்சு மரத்தைத் தாண்டி ஊற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீரோடு அதே வழியில் இறங்கினாள். கூட மாளவிகா நடந்தாள். ஊர் சிரித்தது. ஒரே எட்டில் போகிற இடத்துக்கு முட்டி தேய ஏறுகிறாளே, கிறுக்குப் பிடித்துவிட்டதா என்று ராசகிளி கேட்டாள். சடையாண்டி வந்து சத்தம் போட்டான்.

"ஊர் பொழப்புல மண்ணப் போடாதக்கா. பாதை போயிட்டா யாரு வருவா இங்க?"

"எம் மக வருவாடா."

"வந்த புள்ள உள்ள வர வேண்டியதுதான? கதவு தொறந்துதான கெடக்கு?"

"கதவு தொறந்திருந்தாப் போதுமா? அன்னிக்கு வாசல்ல உக்காந்து கூப்பிடாத கூப்பிடாதன்னயே, அது ஞாபகம் இருக்கா? அவ மறுபடி அங்க வந்து உக்காரணும். நான் கூப்பிடணும். அது நடக்காம நான் சாக மாட்டேன்."

சடையாண்டி தலையைக் குனிந்துகொண்டு போனான்.

அவர்களோடு முதலில் சேர்ந்தது மாயழகின் ஆடுகள். ஒரே எட்டில் ஊற்றுக்குப் போவதால் வழியில் மேய ஒன்றுமில்லாமல் ஆடுகள் இளைத்துப்போயிருந்தன. அவன் பழைய வழியில் மேய்த்துக்கொண்டு ஏறினான். அப்பனைத் தன் அடுப்படி வழியாகப் போகவிட்ட பெண்ணுக்கு இதுகூடச் செய்யாவிட்டால் எப்படி என்றும் சொன்னான். பிறகு கீழ்த்தெருப் பெண்கள் வந்தார்கள். கடைசியில், பேசிக்கொண்டு போக நேரமே இல்லை, வாய் திறப்பதற்குள் ஊற்று வந்துவிடுகிறது என்று அலுத்துக்கொண்டு ராசகிளியும் வந்தாள். புல் சாய்ந்தது, புல் தேய்ந்தது, மண் தெரிந்தது. ஒரு விடியலில் பவுனுத்தாய் எழுந்து நடந்தபோது காலுக்கடியில் சிமெண்டு சில்லென்று இருந்தது. பின்வாசலைத் திறந்தால் சாம்பல் குழியும் வாழையும் துவைக்கிற கல்லும் நின்றன. மேல்காட்டில், பழைய இடத்தில், பாதை கிடந்தது.

ஜீப்புகள் குறைந்தன, ஆனாலும் நிற்கவில்லை, பனி இருக்கிறதே. பவுனுத்தாயின் வீட்டுக்குள் யாரும் நடக்கவில்லை. சொம்பில் தண்ணீர் கேட்பவரில்லை, புளி தூக்கல் என்று சொல்பவரில்லை. அத்தனை காலடிகளுக்குப் பழகிய வீட்டில் தனிமை முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அவள் ஒவ்வொரு காலையும் பின்வாசலில் நின்று மரத்தைப் பார்த்தாள். எதைப் பார்க்க முடியாமல் விற்றாளோ அதைப் பார்ப்பதே இப்போது வேலை. பாதைமேல் சாய்ந்த கிளையில் பூ வந்தது, பிஞ்சு வந்தது. மாளவிகா அந்தக் கிளையில் கை வைக்கவில்லை. அடியில் உட்கார ஒரு கல்லைப் புரட்டிப் போட்டிருந்தாள். மழை வந்து போயிற்று. காய் நிறம் மாறியது. வேறு யார் வீட்டிலோ கோபித்துப் போன ஒரு மருமகள் அங்கே வந்து உட்கார்ந்து, கூப்பிடப்பட்டு, போனாள். பவுனுத்தாய் அதைப் பார்த்து அடுத்த வீட்டுச் சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதுகொண்டாள்.

மார்கழி பாதி போயிருக்கும். பனி விலகி, வெயில் மேட்டுக்கு வராத நேரம். மாளவிகா சந்து வழியாகச் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். வாசலில் நின்று, "வர்றேன்!" என்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். அவளுக்கு மூச்சு இரைத்தது.

"அம்மா, மரத்தடில ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. பக்கத்துல குட்டிப் பொண்ணு. பழத்தை உரிச்சு அதுக்குக் குடுத்துட்டு இருக்காங்க, தோலு அறாம நீளமா வருது. நான் பேச்சுக் குடுக்கலம்மா. பாக்காத மாதிரி வந்துட்டேன். நீங்கதானே கூப்பிடணும்."

பவுனுத்தாய்க்கு முந்தானையைச் செருகவும் கை வரவில்லை. பின்வாசலுக்கு வந்து, துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்றாள். மரத்தடியில் ஒரு நீலச் சேலை தெரிந்தது. கொஞ்ச நேரம் போக்குக் காட்டுவது வழக்கம், வேலையாக இருப்பதுபோல் இருப்பது மரியாதை, அதையெல்லாம் மறந்துபோனாள். வாயைத் திறந்தாள், காற்றுத்தான் வந்தது. இத்தனை காலம் உள்ளுக்குள்ளேயே சொல்லிச் சொல்லி, வெளியே சொல்லாமல் பழகிய பேர். எச்சிலை விழுங்கிக்கொண்டு மறுபடி திறந்தாள்.

"சுகந்தீ! ஏ சுகந்தீ!"

தெரு முழுக்கக் கேட்டது. ராசகிளி முறத்தோடு நின்றாள். சடையாண்டி ஜீப்பின் சத்தத்தை அணைத்தான். மேட்டில் அந்த நீலச் சேலை அசையவில்லை. அன்றைக்கு ஒரு பகல் முழுக்க அவள் காத்திருந்தாளே, நாம் ஒரு மூச்சு நேரம் காத்திருந்தால் என்ன என்று பவுனுத்தாய் கல்மேலேயே நின்றாள்.

"ஏன் இப்படிக் கத்துற?" என்று மேலிருந்து வந்தது குரல், அழுகையும் கோபமுமாக, அவளுடைய அதே எடுப்பான குரல். "கேக்குது. வாரேன்ல."

பவுனுத்தாய் கல்லிலிருந்து இறங்கினாள். அந்த நேரத்தில், பாதை அடுப்படியிலேயே கிடந்திருக்கக் கூடாதா, ஒரே எட்டில் பிள்ளையைத் தொட்டுவிடலாமே என்று அவளுக்குத் தோன்றியது நிஜம். அன்று மட்டும் பாதை அவளுக்காகக் கொஞ்சம் சுருங்கிக் கொடுத்தது, அதனால்தான் அந்த வயசில் அத்தனை சீக்கிரம் மேடேறிப் போய் மகளைப் பாதி வழியிலேயே பிடித்தாள் என்று கடுக்காப்பாறையில் இப்போதும் சொல்கிறார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அவள் ஓடினாள்.